எண்ணெய் யாருக்கு, குழி யாருக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் சோதனைக் கிணறு தோண்டிப் பார்க்க, ஓ.என்.ஜி.சி. என்னும் எண்ணெய் - இயற்கை எரிவாயுக் கழகத்துக்கு 2025 மார்ச் 11ஆம் நாள் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கொடுத்தது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். விஷயம் ஊருக்குத் தெரிய வந்ததோ ஆகஸ்டு மாதத்தில்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் இத்தகைய திட்டத்துக்கு இடமில்லை என்று அன்றைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாகவும் சொன்னார். ஐந்து மாதம் கோப்புக்குள் தூங்கிய அனுமதி, மக்கள் கூச்சல் போட்டதும் ஒரே நாளில் ஆகாத காரியமாகிவிட்டது.

இந்த ஆணையம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. உறுப்பினர்களின் பெயர்களை மாநில அரசு கொடுக்கும். நியமிப்பது மைய அரசு. ஆக, தில்லியைக் கேட்டால் சென்னையைக் காட்டலாம். சென்னையைக் கேட்டால் அது தனி அதிகாரம் பெற்ற அமைப்பு என்று கையை விரிக்கலாம். குழந்தை யாருடையது என்று கேட்டால் இரண்டு பேருமே இல்லையென்று தலையாட்டும் நிலை. ஆனால் துளைபோடும் இயந்திரம் வயலில் வந்து இறங்கும்போது போலீசாரை அனுப்புவது யார் என்பதில் மட்டும் எப்போதும் குழப்பம் வந்ததில்லை.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு ஓடுகிற நமக்கு இதில் என்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. மைசூரில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆனால் நம்மில் பலருக்குத் தஞ்சையிலோ திருவாரூரிலோ புதுக்கோட்டையிலோ ராமநாதபுரத்திலோ வயதான பெற்றோர் இருக்கிறார்கள். அரை ஏக்கரோ முக்கால் ஏக்கரோ காணி இருக்கிறது. காணி இல்லாதவனுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. சேலம், தருமபுரிப் பக்கத்துத் தோழர்களின் நிலத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம். இங்கே நம் வீட்டு அடுப்பு எரிவதும், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணமும் இதே எண்ணெய் அரசியலோடு கட்டப்பட்டவை. 2025 ஜனவரியில் கர்நாடக அரசுப் பேருந்துக் கட்டணம் நூற்றுக்கு 15 ஏறியபோது சொல்லப்பட்ட காரணங்களில் டீசல் விலையும் ஒன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாட்டுக்குச் சொந்தமாக எண்ணெய் வேண்டும் என்று அரசே துறப்பணத்தைக் கையில் எடுத்த காலத்தை நாம் பழிக்கவில்லை. அசாமில் திக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டார்கள். 1901இல் சுத்திகரிப்பு ஆலை வைத்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நாட்டின் எண்ணெய் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கைக்குள்தான் கிடந்தது. விடுதலைக்குப் பிறகும் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் மூன்றும்தான் விலையை வைத்தன. 1960இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் இவர்கள். இந்தியாவில் எண்ணெய் இருக்கிறது, நாமே தேடுவோம் என்று பிடிவாதம் பிடித்து நின்றவர் அமைச்சர் கே.டி. மாளவியா. 1956இல் ஓ.என்.ஜி.சி. பிறந்தது. சோவியத், ருமேனிய நிபுணர்கள் துணையோடு 1958இல் காம்பேயிலும் 1960இல் அங்கலேசுவரிலும் எண்ணெய் கண்டார்கள். 1974இல் பம்பாய்க் கடலில். அந்நியக் கம்பெனிகள் 1974 தொடங்கி ஒவ்வொன்றாக நாட்டுடைமையாயின. 1973இல் அரபு நாடுகள் விலையை ஏற்றி, பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை எட்டியபோது, பொதுத்துறை என்ற ஒன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

காவிரிப் படுகையிலும் அந்தத் தேடல் அப்போதே தொடங்கியது. காரைக்காலில் 1964இல் முதல் கிணறு தோண்டப்பட்டது. வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது 1980களின் நடுப்பகுதியில். நரிமணம், கோவில்களப்பால், புவனகிரி, கமலாபுரம், குத்தாலம் என்று ஊர்ப் பெயர்கள் எல்லாம் எண்ணெய் வயல்களின் பெயர்களாயின. நரிமணம் எண்ணெய்க்காகவே நாகை அருகே பனங்குடியில் 1993இல் ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. கிடைத்த எரிவாயுவைக் கொண்டு திருமாகோட்டையிலும் குத்தாலத்திலும் வழுதூரிலும் மாநில மின்வாரியம் மின்நிலையங்களை நடத்தியது.

இத்தனை ஆண்டுகளில் டெல்டா மக்கள் ஏன் எதிர்க்கவில்லை, 2010க்குப் பிறகு மட்டும் ஏன் எதிர்க்கிறார்கள் என்று தில்லி அதிகாரிகள் கேட்டார்கள். யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டுபிடித்த விடை. உண்மையான விடை அவ்வளவு சிக்கலானதல்ல. அரசாங்கம் வந்து கிணறு தோண்டுகிறது, நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், ஊருக்குச் சாலை வரும் என்று மக்கள் நம்பினார்கள். நம்பிக்கை தேயத்தேய எதிர்ப்பு வளர்ந்தது. பெரும்பாலான ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது காவல்காரர் வேலை, மண் சுமக்கும் வேலை, லாரிக்கு வழிவிடும் வேலை. அதுவும் ஒப்பந்தக்காரரின் கீழ். இந்தக் கதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதா? தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்தவன் அதன் வாசலில் காவலுக்கு நிற்பதை நாம் இங்கேயும் பார்த்தவர்கள்தாமே!

நிலத்தின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் இது சரியாகப் பேசப்படுவதில்லை. ஒரு கிணற்றுக்குச் சில ஏக்கர் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சில ஏக்கரை மேடாக்கி, சரளை போட்டு, கனரக லாரி போகச் சாலை அமைக்க வேண்டும். டெல்டா என்பது ஒரு மடையிலிருந்து அடுத்த மடைக்கு நீர் பாயும் சமவெளி. நடுவில் ஒரு மேட்டை எழுப்பினால் மேலண்டை வயலில் நீர் தேங்கும், கீழண்டை வயல் காயும். நிலத்தைத் தற்காலிகக் குத்தகைக்கு எடுத்தால் பணம் பட்டாக்காரர் கைக்குப் போகும். பட்டாக்காரர் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பார். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுபவருக்கு என்ன கிடைக்கும்? குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பதிவு செய்யாமல் உழுபவர்கள் இன்னமும் ஏராளம். அவர்களுக்கும் கீழே, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் கூலிப் பெண்கள். அந்த வயலில் அவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை போயிற்று என்று எந்த அதிகாரியாவது எழுதி வைத்தாரா? 1968இல் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட அதே மாவட்டத்தில்தான் இந்தக் கிணறுகள் நிற்கின்றன. நிலமற்ற அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் முதலில் திருப்பூருக்கும் கோவைக்கும் மைசூருக்கும் வண்டியேறுகிறவர்கள். விவசாயி என்று நாம் முழக்கமிடும்போது அவர்களும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்களா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பைப் பெருந்தீயாக மூட்டியது மீத்தேன் திட்டம். மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற தனியார் கம்பெனிக்கு 2010இல் மைய அரசு உரிமம் கொடுத்தது. 2011 ஜனவரியில் அன்றைய தி.மு.க. அரசு அதனோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இது சாதாரண எண்ணெய்க் கிணறு போன்றதன்று. எண்ணெய் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் இருக்கிறது. மேலே உள்ள நிலத்தடி நீரை இரும்புக் குழாயாலும் சிமெண்டாலும் மறைத்துவிட்டுக் கீழே போகிறார்கள். அந்த மறைப்பு பழுதானால் ஆபத்து. மீத்தேனோ நிலக்கரியில் நீரின் அழுத்தத்தால் கட்டுண்டு கிடக்கிறது. அதை விடுவிக்க வேண்டுமானால் அந்த நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடலோரச் சமவெளியில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால் உள்ளே வருவது உப்பு நீர். இதை ஊர் ஊராகச் சென்று விளக்கியவர் நம்மாழ்வார். அந்தப் பயணத்தின் நடுவேதான் 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் மறைந்தார். நிபுணர் குழு ஆராய்ந்த பிறகு 2015 அக்டோபரில் ஜெயலலிதா அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது. மேடைப் பேச்சாளர்கள் சிலர் இன்றும் எல்லாக் கிணற்றையும் மீத்தேன் என்றே சொல்கிறார்கள். எதிரிக்கு மறுப்பு எழுத வாய்ப்புக் கொடுக்கும் பேச்சு அது. எது எதுவென்று அறிந்து பேசினால் நம் வாதம் வலுக்கும்.

தில்லியும் சும்மா இருக்கவில்லை. 2016 மார்ச்சில் புதிய கொள்கை ஒன்றை வகுத்தது. அதுவரை எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரி மீத்தேனுக்கு வேறோர் உரிமம். இனி ஒரே உரிமம் போதும். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், பாறைவாயு எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். விலை வைப்பதிலும் விற்பதிலும் கம்பெனிக்குச் சுதந்திரம். ஹைட்ரோகார்பன் என்ற வாயில் நுழையாத சொல் நம் ஊர்த் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். பெயரைப் பொதுவாக்கினால் மீத்தேன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறதல்லவா!

2017 பிப்ரவரி 15ஆம் நாள் சிறிய எண்ணெய் வயல்களைத் தனியாருக்குக் கொடுக்கும் பட்டியலுக்கு மைய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் அதில் இருந்தது. எடுத்தது கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ். நெடுவாசல் காவிரி வாய்க்காலை நம்பிய ஊரன்று. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நெல்லும் பலாவும் பூவும் விளைவித்த ஊர். நிலத்தடி நீர் போனால் எல்லாம் போயிற்று என்று அந்த மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே உட்கார்ந்துவிட்டார்கள். முதற்கட்டமாக 22 நாட்கள். வாக்குறுதி பொய்த்ததும் ஏப்ரலில் மீண்டும். கடைசியில் கம்பெனியால் அங்கே காலூன்ற முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது. கசிவைக் காட்டி நியாயம் கேட்ட மக்கள் மீது தடியடி. பேராசிரியர் த. செயராமன் உட்பட 10 பேர் சிறையில் அடைக்கப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். குழாய் கசியவிட்டதற்கு எவரும் ஒரு நாள் கூட உள்ளே போனதாக நாம் கேள்விப்படவில்லை. 2018 அக்டோபரில் வேதாந்தா கம்பெனிக்கு நாடு முழுவதும் 41 பகுதிகள் கொடுக்கப்பட்டன; காவிரிப் படுகையில் 2. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று மரக்காணம் முதல் ராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்றது அதற்கான பதில்.

இனி 2020ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒரு மாதத்துக்குள் இரண்டு அறிவிப்புகள். ஜனவரி 16 அன்று மைய அரசு, எண்ணெய் - எரிவாயுத் தேடுதல் பணிகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விதியை மாற்றியது. பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். அந்த மாதமே சட்டமும் நிறைவேறியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள் முழுவதும், அன்று நாகையில் அடங்கியிருந்த மயிலாடுதுறையும் சேர்த்து. கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்கள். இந்த மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், மீத்தேன், பாறைவாயு எடுக்கக்கூடாது. இது மக்கள் போராடிப் பெற்ற வெற்றி. குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஓட்டைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் வெளியே விடப்பட்டன. ராமநாதபுரமும் வெளியே. 2021இல் ஓ.என்.ஜி.சி. அரியலூரில் 10 கிணறுகளுக்கு மனுப் போட்டதும், 2025இல் ராமநாதபுரத்துக்கு அனுமதி வாங்கியதும் தற்செயலா? வேலி போட்டால் வேலிக்கு அப்புறத்துப் பயிரை மேயும் மாடு போல, கோட்டுக்கு வெளியே எங்கே தோண்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் நீக்கினார்களே, அதுவும் இந்த வகைதான். நிலக்கரிச் சுரங்கம் சட்டத்தின் பட்டியலில் இருக்கவில்லை.

சரி, இவ்வளவு பாடும் எவ்வளவு எண்ணெய்க்கு? 2018-19இல் தமிழ்நாட்டு நிலத்தில் கிடைத்த கச்சா எண்ணெய் ஏறத்தாழ 4 லட்சம் டன். அந்த ஆண்டு நாடு செலவழித்த எண்ணெய்ப் பொருள்கள் 21 கோடி டன்னுக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: டெல்டா ஆண்டு முழுவதும் தரும் எண்ணெய் நாட்டின் ஒரு நாள் செலவுக்குக்கூடக் காணாது. எரிவாயு இதைவிடக் கொஞ்சம் பயனுள்ள கணக்குத்தான். மின்நிலையங்கள் அதில் ஓடியிருக்கின்றன. ஆனாலும் நாட்டின் எண்ணெய்த் தன்னிறைவுக்குக் குறுக்கே நிற்பவன் நெடுவாசல் விவசாயி என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வைக்க வேண்டும்.

தன்னிறைவைக் கெடுத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். எண்ணெய் இறக்குமதியைச் சார்ந்திருப்பதை 2022க்குள் 10 விழுக்காடு குறைப்போம் என்று 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அறிவித்தார். அன்று நூற்றுக்கு 77 என்று சொல்லப்பட்ட சார்பு 2023-24இல் 87ஐத் தாண்டியது. உள்நாட்டு உற்பத்தி 2011-12இல் 3.8 கோடி டன், 2023-24இல் 2.9 கோடி டன். ஏன் விழுந்தது? பம்பாய்க் கடல் வயல்களுக்கு வயதாகிவிட்டது என்பது உண்மை. அப்படியானால் புதிய தேடலுக்கு ஓ.என்.ஜி.சி. கையிலிருந்த பணத்தைச் செலவிட்டிருக்க வேண்டுமே! அந்தப் பணம் எங்கே போயிற்று? குஜராத் முதல்வராக இருந்தபோது 2005இல் மோடி ஓர் அறிவிப்புச் செய்தார்: கிருஷ்ணா - கோதாவரிக் கடலில் குஜராத் அரசுக் கம்பெனி 20 லட்சம் கோடி கன அடி எரிவாயுவைக் கண்டுவிட்டது. வாயு சொன்னபடி வரவில்லை. கம்பெனிக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் கடன்தான் வந்தது. 2017இல் அந்த வயலின் பெரும்பங்கை 7,738 கோடி ரூபாய்க்கு வாங்கியவர் யார்? ஓ.என்.ஜி.சி. அடுத்து 2018 ஜனவரியில், மைய அரசின் வரவு செலவுப் பள்ளத்தை நிரப்ப, இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசுக்கு இருந்த பங்கை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கவைத்தார்கள். ஒரு பொதுத்துறை இன்னொரு பொதுத்துறையைக் கடன் வாங்கி வாங்கியது. நாட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூடவில்லை. பணம் மட்டும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிற்று. இரண்டையும் சேர்த்தால் 44,000 கோடிக்கு மேல். மாளவியா கட்டிய வீட்டின் உத்தரத்தை விற்றவர்கள், கதிராமங்கலத்தில் நின்ற கிழவியை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள்.

தனியாரின் திறமையைப் பற்றியும் பெரிதாகப் பேசுவார்கள். கோதாவரிக் கடலில் ரிலையன்ஸ் எடுத்த கே.ஜி. டி6 வயலின் முதலீட்டுக் கணக்கு 2004இல் 240 கோடி டாலர். 2006இல் 880 கோடி டாலர். ஒப்பந்தமோ செலவு முழுவதையும் கழித்துக்கொண்ட பிறகே அரசுக்குப் பங்கு என்பது. 2009இல் தொடங்கிய உற்பத்தி இரண்டே ஆண்டுகளில் சரியத் தொடங்கியது. தணிக்கை அதிகாரியின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இவற்றையெல்லாம் எழுதிவைத்திருக்கிறது. படிக்க ஆள்தான் இல்லை.

இனி நம் சட்டைப் பைக்கு வருவோம். 2014இல் பெட்ரோல் மீது மைய அரசின் உற்பத்தி வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. உலகச் சந்தையில் விலை வீழ்ந்து கிடந்த 2020 மே மாதத்தில் அது 32 ரூபாய் 98 காசு. பின் இரண்டு தவணையாகக் குறைத்து, 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றி 21 ரூபாய் 90 காசு ஆக்கினார்கள். இதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசுதான்! மீதியெல்லாம் கூடுதல் வரி, தீர்வை என்ற பெயர்களில் தில்லிக்கே. மாநிலங்களும் உத்தமர்களல்லர், கர்நாடக அரசு 2024 ஜூனில் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் விற்பனை வரியை லிட்டருக்கு 3 ரூபாய் அளவில் ஏற்றியது. 2022 முதல் ருஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலையில் கப்பல் கப்பலாக வந்தபோதும், அந்த ஆண்டு மே முதல் 2024 மார்ச் வரை பங்க்கில் விலை அசையவில்லை. சமையல் எரிவாயுவோ தேர்தல் நாட்காட்டி பார்த்து இறங்கியது: 2023 ஆகஸ்டில் 200 ரூபாய், 2024 மார்ச்சில் 100 ரூபாய். தேர்தல் முடிந்து 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.

வாடகை அறைகளில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு இடி. முகவரிச் சான்று இல்லையென்று வீட்டு இணைப்பு மறுக்கப்பட்டு, 5 கிலோ சிலிண்டரை வாங்கி எரிக்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அதற்கு முகவரி கேட்பதில்லை என்பது வசதி; கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் வசதியானவன் வாங்கும் பெரிய சிலிண்டரைவிட விலை கூடுதல் என்பது கொடுமை. ஏழைக்குக் கூடுதல் விலை என்பதுதான் இந்த எரிபொருள் கொள்கையின் உச்சம். தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 ஆகஸ்டில் வந்த உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் முகவரிக்குத் தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று விதி செய்யப்பட்டது. முகவர் இல்லையென்றால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

சேலம், தருமபுரித் தோழர்களுக்குச் சொன்ன வாக்கு நிலுவையில் இருக்கிறது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் எரிவாயுக் குழாய் போடக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் விளைநிலத்தைக் குறித்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றது மாநில அரசு. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் 1962ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. ஈடு? நிலமதிப்பில் நூற்றுக்குப் பத்து, பயிர்ச் சேதம் தனி. இரண்டு ஏக்கர்க்காரனின் தோப்பு நடுவே குழாய் போனால் அவன் என்ன செய்வான்? நம்மைப் போல மைசூருக்கு வருவான்.

குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திரத்தின் நகரம் கிராமம் கண்டது; 20 பேருக்கு மேல் கருகினார்கள். அதே கோதாவரிக் கரையில் பாசர்லபூடிக் கிணறு 1995இல் இரண்டு மாதம் எரிந்தது. அசாமில் பாக்ஜான் கிணறு 2020 மே மாதம் வெடித்து, நவம்பரில்தான் அடங்கியது; தீயணைக்கப் போன இருவர் மாண்டனர். நைஜீரியாவில் ஒகோனி மக்கள் நிலத்தை ஷெல் கம்பெனி எண்ணெயால் நனைத்தபோது கேள்வி கேட்ட எழுத்தாளர் கென் சாரோ விவாவை 1995 நவம்பரில் அந்நாட்டு இராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. எண்ணெய் கிடைத்த ஊர் செழித்தது என்பது எங்கும் எழுதிவைத்த விதியல்ல.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா, நாளை அடுப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அடுப்பு எரிய வேண்டும், பேருந்து ஓட வேண்டும். பல ஆண்டுகளாக ஓடும் கிணறுகளை ஒரே நாளில் மூடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. குழாய்களைப் பழுதுபாருங்கள், கசிவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று எழுதி வையுங்கள், வற்றிய கிணற்றைச் சிமெண்டால் அடைத்து நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்கிறோம். ஆற்றுப் படுகை விளைநிலத்தில் புதிய கிணறு வேண்டாம் என்கிறோம். ஊரைக் கேட்காமல் எங்கும் தோண்டாதே என்கிறோம். 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் 1948ஆம் ஆண்டு எண்ணெய் வயல் சட்டத்தைத் திருத்தியது நினைவிருக்கட்டும். விதியை மீறினால் சிறை என்று இருந்ததை எடுத்துவிட்டு அபராதம் என்று வைத்தார்கள். 25 லட்சம் ரூபாய் வரை. ஆயிரம் கோடிகளில் புரளும் கம்பெனிக்கு அது தேநீர்ச் செலவு. நியாயம் கேட்டவனுக்குச் சிறை, விதி மீறியவனுக்கு ரசீது!

இந்த ஊரில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. கிருஷ்ணராஜ சாகர் நம் கண்ணெதிரே நிற்கிறது. காவிரி நீர்த் தகராறில் 1991 டிசம்பரில் இந்த மாநிலத்துத் தமிழர் பட்டதையும், 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததையும் மறக்க முடியாது. நீருக்காக மண்டியா விவசாயியையும் தஞ்சை விவசாயியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள், அதே ஆற்றின் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பானால் வாய் திறப்பதில்லை. பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் கன்னடத் தோழரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மங்களூரிலிருந்து ஹாசன் வழியாகப் பெங்களூருக்கு எண்ணெய்க் குழாய் போகிறது. அதன் மேல் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டம்தான். அவர் புரிந்துகொள்வார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முடிந்தால் ஜனவரி 26 வரை தங்குங்கள். அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 நாட்களிலும் கூடும். ஊர் எல்லையில் எத்தனை கிணறுகள் இருக்கின்றன, எவை ஓடுகின்றன, எவை வற்றிக் கிடக்கின்றன, குழாய் யார் யார் புல எண்ணில் போகிறது, கூலி இழந்தவர்களுக்கு ஈடு உண்டா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒரு நகல் எடுத்து நம் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்; ஊர்ப் பெயரோடு இந்த ஏட்டில் வெளியிடுகிறோம்.